மூன்றாம் பிறையில் திரும்பி வந்த எல்லப்பன்

ஜெயம் தன் கணவன் எல்லப்பனை வீட்டை விட்டு அனுப்பியது ஒரே ஒரு தடவைதான். அவனைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது பட்டுத் தறி ஒருங்கிணைந்த தகவல் முகமை.

அனுப்பியதற்குக் காரணம் ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். ஜெயத்தின் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி இருந்தது. அவள் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள், தறிக்கு மேலே புட்டாவும் கரையும் போடும் ஜக்கார்டு பெட்டியைக் கழற்றிக் கண்ணமங்கலத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான் எல்லப்பன். கரையில் வரிசையாக வந்துகொண்டிருந்த மயில்களில் கடைசி மயில் கழுத்தோடு நின்றுபோனது. ஜெயம் சண்டை போடவில்லை. அவனுடைய துணிகளை ஒரு பையில் போட்டுத் தெருவில் வைத்தாள். பிறகு வழக்கு. இரண்டு வருஷம் அலைந்து, நீதிமன்றம் இருவரையும் பிரித்து எழுதிக்கொடுத்தது. எல்லப்பன் போளூரில் அவனுடைய அண்ணன் வீட்டுக்குப் போனான். விஷயம் அத்தோடு முடிந்தது என்று ஜெயம் நினைத்தாள். அரசாங்க அலுவலகம் எதையும் முடிக்க விடாது என்பதை அவள் யோசிக்கவில்லை.

தறி நெய்கிறவர்கள் எல்லோருக்கும் முகமை ஒரு தறி அட்டை கொடுத்திருந்தது. அட்டையில் குடும்பத் தலைவர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ, அவருடைய கட்டைவிரலை வைத்தால்தான் கூட்டுறவுச் சங்கத்து ஜன்னலில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் ஜரிகையும் தருவார்கள். பாவு இல்லாவிட்டால் தறி வெறும் மரம். ஆகவே நீதிமன்றத் தீர்ப்பின் நகலோடு முகமைக்குப் போய், எல்லப்பனை அட்டையிலிருந்து எடுத்துவிட்டுத் தன் பெயரைத் தலைவியாகப் போடச் சொல்லி மனுக் கொடுத்தாள். மாசி மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் எல்லப்பன் நீக்கப்பட்டான். புது அட்டையில் 'குடும்பத் தலைவி: ஜெயம்' என்று அச்சடித்து வந்தது. அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டாள். இருபத்திரண்டு வருஷம் தறியில் உட்கார்ந்தவளுக்கு, அந்த வீட்டில் தான் யார் என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பதினெட்டு நாள் கழித்துச் சங்கத்து ஜன்னலில் விரலை வைத்தாள். ரேகை மிஷின் சிவப்பாக எரிந்தது.

"தலைவர் எல்லப்பன்னு காட்டுதுக்கா," என்றான் ஜன்னலுக்குள் இருந்தவன். "அவர இட்டுகினு வாங்க."

"அவர எடுத்தாச்சேப்பா. இதோ அட்டை."

"அட்டை பழசுக்கா. சிஸ்டம்தான் புதுசு."

ஜெயம் முகமையின் ஆரணி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே உதவி இயக்குநர் கந்தசாமி இருந்தார். நல்ல மனிதர், யார் எந்தக் குறையோடு வந்தாலும் உட்காரவைத்து, முகமையின் பெருமைகளை முழுவதும் சொல்லி அனுப்புவார். குறை அப்படியே இருக்கும். ஆனால் வந்தவருக்கு அதைத் திரும்பச் சொல்லத் தெம்பு இருக்காது.

"இது சாதாரண கம்ப்யூட்டர் இல்லம்மா," என்று ஆரம்பித்தார். "பரவலாக்கப்பட்ட தரவுத்தளம். ஆரணியில ஒரு நோடு, போளூர்ல ஒரு நோடு, தேசூர்ல ஒரு நோடு. மூணு மிஷின்லயும் ஒரே பதிவு. ஒண்ணுல இருக்கறது மத்ததுல இல்லன்னா, தானா கேட்டு வாங்கி வெச்சிக்கும். எதுவுமே தொலையாது. இன்னும் புரியற மாதிரி சொல்லணும்னா, ஒரு தப்பு நடந்தா அது எங்க நடந்துச்சின்னு எங்களாலயே கண்டுபிடிக்க முடியாது. அவ்ளோ பாதுகாப்பு."

"எம் புருஷன எடுத்தீங்க சார். மறுபடி வந்துட்டாரு."

"ஒரு மிஷின்ல வந்திருந்தா தப்புன்னு சொல்லலாம். பாத்துட்டேன், மூணுலயும் இருக்காரு. ஒரு எடத்துல இருந்தா தப்பு. மூணு எடத்துலயும் இருந்தா அது பதிவு."

"கோர்ட்டு எழுதிக் குடுத்திருக்குதுங்களே."

"கோர்ட்டு ஒண்ணுதானம்மா," என்றார் கந்தசாமி, அன்பாகவே.

ஆனாலும் வழி இருந்தது. படிவம் பதினான்கு, 'பதிவில் உள்ள நபரின் இன்மையை அறிவித்தல்'. அதை நிரப்பிக் கொடுத்தால் நீக்கக் குழு கூடும்போது பார்ப்பார்கள். குழு மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும், பௌர்ணமிக்கு மறுநாள். பௌர்ணமியன்று முகமையின் ஆரணி ஊழியர்கள் அத்தனை பேரையும் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்துக்குச் சிறப்புப் பணி போட்டுவிடுவார்கள். மறுநாள் கால் வலியோடு திரும்பி வருகிறவர்களால் வேறு வேலை எதுவும் செய்ய முடியாது. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய ஒரே வேலை நீக்கக் குழு என்பதால் அதை அந்த நாளில் வைத்திருந்தார்கள்.

பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் எல்லப்பன் இரண்டாவது முறை நீக்கப்பட்டான். ஜெயம் அன்றே சங்கத்துக்கு ஓடி விரல் வைத்துப் பாவு வாங்கிவந்தாள். பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க, அடுத்த வீட்டு ரோசம்மாள் உதவிக்கு வந்தாள். ரோசம்மாள் பட்டு நூல் சுற்றுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள், மற்ற நாட்களில் முகமையைத் திட்டுவாள். ஜரிகை மட்டும் அன்று கையிருப்பில் இல்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப் போனது. கடைசியில் ஜரிகை வந்திருக்கிறது என்று செய்தி வந்து ஜெயம் போனபோது, அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையும் தெரிந்துவிட்டது.

மிஷின் சிவப்பாக எரிந்தது. எல்லப்பன் வந்துவிட்டான்.

இந்தத் தடவை கந்தசாமி முகத்தில் ஒரு கவலை தெரிந்தது. அது ஜெயத்துக்காக இல்லை. "இரண்டு தடவை நீக்கியும் ஒருத்தர் பதிவுல நிக்கறாருன்னா, அவர் உண்மையிலயே அங்க இருக்காருன்னுதானே அர்த்தம்? நீங்கதான் இல்லன்னு சொல்றீங்க. கள ஆய்வு போட்டுடலாம்."

இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் பார்த்தார், ஒருவர் எழுதினார். தறிக் குழியில் எட்டிப் பார்த்தார்கள். பரணில் பார்த்தார்கள். பாத்ரூம் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே யாரும் இல்லாததால் பதில் வரவில்லை. "பதில் அளிக்கவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். தறிக்கட்டையில் தொங்கிய ஒரு கந்தலைப் பார்த்தவர் அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது இன்னாமா?"

"தறி தொடைக்கிற துணிங்க."

"பாக்கெட் இருக்குதே."

"அந்தாளு சட்டைங்க. கிழிச்சித் தொடைக்க வெச்சிகினேன்."

'கணவரின் சட்டை தறி மேடையில், பயன்பாட்டில் உள்ள நிலையில் காணப்பட்டது' என்று அறிக்கை போனது. அடியில் முடிவு: 'எல்லப்பன் தற்காலிகமாக வெளியில் சென்றிருக்கலாம்.' ஜெயத்துக்கு நகல் வந்தபோது அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு அந்தச் சட்டையாலேயே தறியை மறுபடி ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். கோபம் வந்தால் ஏதாவது ஒன்றைத் துடைப்பது அவள் பழக்கம். அந்த மாதம் அந்தத் தறி பளபளவென்று இருந்தது.

அந்த வாரமே தற்காலிகமாக வெளியில் சென்றிருந்தவர் வந்து நின்றார். புதுச் சட்டை, பழைய பை, கையில் முகமையின் பதிவிலிருந்து எடுத்த ஒரு நகல்.

"நானா வரலை ஜெயம்," என்றான் எல்லப்பன். "போளூரு ஆபீசுக்கு அண்ணன் அட்டைக்காகப் போனேன். எம் பேரு இங்க இருக்குதுன்னு சொன்னாங்க. 'ஒரே ஆளு ரெண்டு வீட்டுல இருக்கக் கூடாது, உங்க வீட்டுக்குப் போய்ச் சேருங்க'ன்னு சீல் வெச்சிக் குடுத்தாங்க. கெவர்மென்ட்டே சொல்றப்ப நா இன்னா பண்ணட்டும்?"

"பேப்பர்ல இருக்கற எல்லப்பன் வேணும்னா அந்தப் பேப்பர இங்க வெச்சிட்டுப் போ," என்றாள் ஜெயம். "ஆளு வாசப்படி தாண்டாதே."

"தலைவர்னு போட்டிருக்குது, பாரு."

"கடைசி மயிலோட தலை எங்கன்னு மொதல்ல சொல்லு. அப்பால தலைவர் ஆவலாம்."

ரோசம்மாள் தன் வீட்டுப் படியில் ராட்டையோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றுவதை நிறுத்திவிட்டு எல்லப்பனையே பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்; பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நேரே முகமைக்குப் போய்ப் புகார் கொடுத்தான்.

மூன்றாம் நாள் ஜெயத்துக்கு நோட்டீஸ் வந்தது. பதிவில் உள்ள குடும்பத் தலைவரை அவரது வீட்டில் அனுமதிக்காததால் பதிவுக்கும் களத்துக்கும் முரண்பாடு ஏற்பட்டிருப்பதாகவும், முரண்பாட்டை இரண்டு வாரத்துக்குள் களத்தில் சரிசெய்யாவிட்டால் தறி அட்டை ரத்தாகும் என்றும் அதில் இருந்தது. பதிவைச் சரிசெய்வது பற்றி ஒன்றும் இல்லை. ஜெயத்துக்கு அன்றுதான் முழு விஷயமும் உறைத்தது. ஒன்று எல்லப்பன் வீட்டுக்குள் வரவேண்டும், இல்லையென்றால் தறி வீட்டை விட்டுப் போகவேண்டும். சிஸ்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த இரண்டையுமே நடக்க விடுவதில்லை என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்தது.

நோட்டீசை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனபோது கந்தசாமி கூட்டத்தில் இருந்தார். மிஷின் இருந்த அறையில் ஜாய்ஸ் இருந்தாள். ஆரணிப் பெண்தான், வேலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் மூன்று மிஷின்களையும் பார்த்துக்கொள்கிறவள். ரோசம்மாளோடு சர்ச்சில் பாடுகிறவள் என்பதால், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒரே ஊழியர் அந்தக் கட்டடத்தில் அவள்தான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எப்பல்லாம் வராருன்னு தேதி சொல்லுங்க," என்றாள்.

ஜெயம் சொன்னாள். ஜாய்ஸ் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"நெனச்சேன். தேசூரு மிஷினு எழுந்திருக்கற அன்னிக்கெல்லாம் வராரு. இப்ப பாருங்க. மூணு ஆபீஸ்லயும் மூணு நோட்டு இருக்குதுன்னு வெச்சிக்கங்க. ஒருத்தர் பேர அடிச்சா, 'இவர அடிச்சாச்சி'ன்னு ஒரு சீட்டு எழுதி மூணு நோட்டுலயும் வெக்கணும். அந்தச் சீட்ட பத்து நாள் வெச்சிருக்கும். அப்பால எடத்த அடைக்குதுன்னு கிழிச்சிப் போட்டுடும். நீங்க அடிக்கிறப்ப தேசூரு ஆஃப்ல இருக்குது. பதினஞ்சு பதினாறு நாள் கழிச்சி எழுந்து வருது. அதுங்கிட்ட எல்லப்பன் அப்படியே இருக்காரு. 'எங்கிட்ட ஒருத்தர் இருக்காரே, உங்ககிட்ட இல்லியா'ன்னு கேக்குது. ஆரணிக்கும் போளூருக்கும் அவர அடிச்சதே ஞாபகம் இல்ல, சீட்டுதான் கிழிஞ்சிபோச்சே. 'ஐயோ, நம்மகிட்ட தொலஞ்சிபோச்சி போல'ன்னு வாங்கி வெச்சிக்குதுங்க."

ஜெயம் குனிந்து அந்த மிஷினைப் பார்த்தாள். அதில் பச்சை விளக்கு சின்னதாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"நா மறக்கலியே," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"அதுக்கு வசதி இல்லக்கா."

"சரி பண்ண முடியாதா?"

"அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த தடவ அவர அடிச்சதும் தேசூரு நோட்ட சுத்தமா தொடச்சிட்டு, மத்த ரெண்டுலயிருந்து காப்பி எடுத்து ஏத்திடலாம். பழுது நீக்கம் ஓட்டணும்னு மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

அதற்குள் கந்தசாமி வந்துவிட்டார். பழுது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் கதவைச் சாத்தினார்.

"ஜாய்ஸ், உனக்கு எத்தினி தடவ சொல்றது. ஒப்பந்தத்துல 'பழுதற்ற அமைப்பு'ன்னு போட்டு வாங்கியிருக்கோம். பழுது நீக்கம் ஓட்டணும்னா பழுது இருக்குதுன்னு ஆவும். பழுது இருக்குதுன்னா, பழுதற்றதுன்னு சான்று குடுத்தது யாரு? நான். இப்ப என்னைய நீக்கணுமா, பழுத நீக்கணுமா? ஒரு குடும்பத்துல ஒரு புருஷன் கூடுதலா இருக்கறது அவ்ளோ பெரிய விஷயமா?"

ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஜெயத்தின் பக்கம் திரும்பினார். "யோசிச்சிப் பாரும்மா. எத்தினியோ பேர் வீட்டுல ஆம்பள இல்லன்னு அழுவறாங்க. முகமை உனக்கு மாசாமாசம் ஒருத்தர அனுப்புது."

"வேணும்னா உங்க வீட்டுக்கு அனுப்புங்க சார்," என்றாள் ஜெயம். "எங்கூட்டுக்கு வேணாம்." வெளியே வந்து படிவம் பதினான்கை இரண்டாவது முறை நிரப்பிப் பெட்டியில் போட்டாள். அன்று மத்தியானமே சேத்துப்பட்டுக்குப் பஸ் ஏறி, அங்கே மாறித் தேசூர் போய் இறங்கினாள்.

தேசூர் அலுவலகம் ஒரே அறை. அதில் கண்காணிப்பாளர் சக்கரவர்த்தி தனியாக இருந்தார். மேஜையில் ஒரு கோப்புகூட இல்லை. மூலையில் ஒரு பலகைமேல் மிஷின் இருந்தது. வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. காற்றுக்காக மட்டும் பின்னால் ஒரு சதுரம் வெட்டியிருந்தார்கள். நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம், காலடியில் ஒரு எலுமிச்சம்பழம். வளர்பிறை நடந்துகொண்டிருந்ததால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இத எப்பங்க நிறுத்துவீங்க?" என்று ஜெயம் கேட்டாள்.

மூன்று வருஷமாக யாரும் அவரிடம் மிஷினைப் பற்றி விசாரித்ததில்லை. சக்கரவர்த்திக்கு மகிழ்ச்சியாகிவிட்டது.

"பௌர்ணமி சாயங்காலம் கற்பூரம் காட்டி நிறுத்திடுவேன்மா. அப்பால மூணாம் பெற பாத்துட்டுத்தான் ஏத்துவேன். இது இன்னா மிஷினு? தகவல் சேருற மிஷினு. சேருற பொருள வளர்பிறையிலதான் வெக்கணும். தேய்பிறையில ஓட்டினா தகவலு தேஞ்சிபோவும். மத்த ரெண்டு ஆபீஸ்லயும் எப்பப் பாத்தாலும் ஓடிக்கினே இருக்குது. அங்கதான் அது தொலஞ்சிது, இது தொலஞ்சிதுன்னு பேஜாரு. எங்கிட்ட வந்த ஒண்ணாவது தொலஞ்சிருக்குதா, கேட்டுப் பாருங்க."

"தொலையலிங்க," என்றாள் ஜெயம். "எம் புருஷன் உங்ககிட்டதான் இருக்காரு."

"நல்லா இருக்கட்டும்," என்றார் சக்கரவர்த்தி மனம் நிறைந்து. "பாதி நாளு நிறுத்தி வெக்கறதால தேய்மானமும் கம்மி. நா ரிட்டையர் ஆவறப்ப அப்படியே புதுசா ஒப்படைப்பேன்."

அவரோடு சண்டை போட ஜெயத்துக்கு மனம் வரவில்லை. அந்த முகமையில் தன் வேலையை அவரளவுக்குப் பயபக்தியோடு செய்கிறவர் வேறு யாரும் இல்லை. அந்தப் பயபக்தியால்தான் அவள் வீட்டில் மாதாமாதம் எல்லப்பன் முளைக்கிறான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மிஷினைத் துடைக்க அவளால் முடியாது. நிறுத்தாதே என்று உத்தரவு போட அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அடிக்கிற அந்த ஒரு நேரத்தில் தேசூர் விழித்திருந்தால் போதும். சீட்டு மூன்று நோட்டிலும் ஏறிவிடும். பிறகு அது வளர்ந்தாலும் தேய்ந்தாலும் எல்லப்பன் எங்கும் இருக்கமாட்டான். அவள் ஜாய்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் ஜாய்ஸ். "ஆனா நா சொன்னேன்னு எங்கயும் சொல்லாதீங்க. எனக்கு ஒப்பந்தம் ஆடியில முடியுது."

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஜெயமும் ரோசம்மாளும் தேசூர் போனார்கள். நோட்டீசில் சொன்ன இரண்டு வாரத்தில் ஆறு நாள்தான் பாக்கி. ரோசம்மாள் ராட்டையையும் ஒரு கூடைப் பட்டு நூலையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நாள் முழுக்கச் சும்மா உட்கார அவளால் முடியாது. அலுவலகத்தில் மிஷின் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள்.

ஜெயம் வேட்டியை எடுத்து ஒழுங்காக மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னாமா பண்றீங்க?" சக்கரவர்த்தி எழுந்துவிட்டார். "தேய்பிறை பொறந்துடுச்சி."

"தெரியுங்க. இன்னிக்கு ஆரணியில குழு கூடுது. எம் புருஷன எடுக்கறாங்க. எடுக்கறப்ப இது முழிச்சிகினு இருக்கணும்."

"தொடாதீங்க. மூணு வருஷத்துல தேய்பிறையில ஏத்தினதே இல்ல. எதுனா தேஞ்சிபோச்சின்னா நாந்தான் பதில் சொல்லணும்."

"தேயணும்னுதாங்க வந்திருக்கேன்," என்றாள் ஜெயம். "நீங்களே சொன்னீங்க, சேர்க்கறது வளர்பிறையில. கழிக்கறத எப்பங்க பண்ணணும்? கடன கழிக்க, நோய கழிக்க, பீடைய கழிக்க எல்லாத்துக்கும் தேய்பிறைதான நாள் பாக்கறீங்க? நா ஒரு ஆள கழிக்கணும்."

முகமையின் சுற்றறிக்கை எதிலும் இதற்குப் பதில் இல்லை. ஆனால் சக்கரவர்த்தி நம்புகிற பஞ்சாங்கத்தில் அவள் சொன்னதுதான் இருந்தது. அவர் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "ராகு காலம் முடிய இருபது நிமிஷம் இருக்குது," என்றார். "அது வரைக்குமாவது பொறுங்க."

பொறுத்தார்கள். இருபது நிமிஷம் ரோசம்மாளின் ராட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் ஜெயம் பொத்தானை அழுத்தினாள். மிஷின் ஒரு முறை விம்மியது. உள்ளே காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு வருவதற்கு நெடுநேரம் ஆனது. வந்ததும் ஜெயம் சுவிட்சுப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஆரணியில் குழு பதினொன்றரைக்குக் கூடியது. மூன்று உறுப்பினர்களில் ஒருவர் வரவில்லை, கால் வீக்கம். ஒருவர் வந்து தூங்கிவிட்டார். கந்தசாமி வெந்நீர்ப் பக்கெட்டில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, படிவங்களைப் பார்க்காமலேயே ஜாய்ஸிடம் ஒவ்வொன்றாக நீட்டினார். எல்லப்பனின் முறை வந்தபோது, "இவரா, போனா போறாரு. ரெண்டு வாரத்துல வந்துடுவாரு," என்று சொன்னதாக ஜாய்ஸ் பிறகு சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயத்தின் போன் அடித்தது.

"அடிச்சிட்டேன்க்கா. மூணும் வாங்கிகிச்சி. தேசூரும் வாங்கிகிச்சி."

ஜெயம் கையை எடுத்தாள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நின்றதில் கை மரத்துப்போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் கோர்ட்டிலும் முகமையிலும் நின்ற கால் வலி எல்லாம் சேர்ந்து வந்தது, அழுகையும் வந்தது. ரோசம்மாள் ராட்டையை விட்டு எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சக்கரவர்த்தி இருவருக்கும் டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்ததும் மிஷினுக்குக் கற்பூரம் காட்டி, நிறுத்தி, வேட்டியைப் போர்த்தினார்.

அமாவாசை போனது. மூன்றாம் பிறை தெரிந்தது. தேசூரில் மிஷினை ஏற்றினார்கள். மறுநாள் காலை ஜெயம் சங்கத்து ஜன்னலில் விரலை வைத்தாள். பச்சையாக எரிந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் பச்சைதான். பாவு எடுத்துவைத்திருப்பதாகவும், அதற்குமுன் உதவி இயக்குநர் கூப்பிடுகிறார் என்றும் ஜன்னல்காரன் சொன்னான்.

கந்தசாமி மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"முகமை ஆண்டு அறிக்கை போவுதும்மா," என்றார். "உன் கேசு தீர்ந்துடுச்சி. ஒரு திருப்தி அறிக்கை வேணும். எல்லாம் நாங்களே எழுதிட்டோம், கையெழுத்து போட்டா போதும்." இன்னொரு காகிதத்தை விரலால் தட்டினார். "இது வேற நோட்டீசு. அனுமதியில்லாம தேசூர்ல அரசாங்க மிஷின ஸ்டார்ட் பண்ணியிருக்கே. குற்றம். நடவடிக்கை எடுத்தா தறி அட்டையே போயிடும். நீ அதுல கையெழுத்து போடு, நா இத மறந்துடறேன்."

ஜெயம் திருப்தி அறிக்கையை எடுத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தாள். 'மூன்று ஆண்டுகளாக, மூன்று இடங்களிலும், ஒரு நொடிகூட நிற்காமல் இயங்கிவரும் முகமையின் மிஷின்கள் மூலம், உதவி இயக்குநர் அவர்களின் நேரடித் தலையீட்டால் என் குறை தீர்ந்தது.'

"ஒரு நொடி கூட நிக்கலிங்களா சார்?"

"ஒரு நொடி கூட."

"தேசூர்லயும்?"

"மூணு எடத்துலயும். மாசாமாசம் மேலிடத்துக்கு எழுதி, கையெழுத்து போட்டு அனுப்பறேன்."

"அப்ப நிக்கவே நிக்காத மிஷின, நா எப்படிங்க ஸ்டார்ட் பண்ணேன்?"

கந்தசாமி இடது பக்கக் காகிதத்தைப் பார்த்தார். வலது பக்கக் காகிதத்தைப் பார்த்தார். இரண்டிலும் அடியில் அவருடைய கையெழுத்துதான் இருந்தது. மிஷின் அறையிலிருந்து ஜாய்ஸ் இருமுகிற சத்தம் கேட்டது. அவர் நோட்டீசை எடுத்தார். கிழிக்கவில்லை; கிழித்தால் அதற்கு ஒரு படிவம் நிரப்பவேண்டும். நாலாக மடித்து, உட்கார்ந்திருந்த நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

"திருப்தி அறிக்கையாவது..." என்றார். குரல் இறங்கியிருந்தது.

"போடறேன் சார். பேனா குடுங்க."

'குறை தீர்த்தவர் பெயர்' என்ற கட்டத்தில் உதவி இயக்குநர் என்று இருந்தது. ஜெயம் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'ஜெயம்' என்று எழுதினாள். அடுத்த கட்டம் 'பதவி'.

"அதுல ஒண்ணும் எழுதாதம்மா. அது ஆபீசருங்களுக்கு."

'குடும்பத் தலைவி' என்று எழுதினாள். கட்டம் போதாமல் கடைசி எழுத்து முகமையின் முத்திரைமேல் ஏறியது. காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இத அப்படியே மூணுலயும் ஏத்துங்க சார்," என்றாள். "ஏத்தறதுக்கு முன்னாடி தேசூருக்கு ஒரு போன் போட்டு, ஆன்ல இருக்குதான்னு கேட்டுகினு ஏத்துங்க."

சொல்லிவிட்டுப் பாவு வாங்கப் போனாள்.